வெள்ளையம்மா சொன்ன வயது

புதன்கிழமை காலை பத்தரைக்குக் கடிதம் வந்தது. பதினொன்றுக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மலாய் நாட்டில் கூலாய்க்கு வடக்கே நாலு மைலில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்குக் கடிதம் புதிதல்ல. சேலம் ஜில்லாவிலிருந்து மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதம் வரும், ஓரம் கறுத்த சாவுக் கடிதம் வரும். அரசாங்க முத்திரை குத்திய நீள உறை மட்டும் வந்ததில்லை. வந்தாலும் துரைக்குத்தான் வரும். வரிசை வீட்டு லயத்தில் குடியிருக்கிற கூலி ஆளுக்கு வராது.

வெள்ளையம்மா அப்போதுதான் ரப்பர் பால் வாளிகளோடு, பால் நிறுக்கும் ஸ்டோருக்குள் நுழைந்தாள். காலையில் மூட்டம் போட்டிருந்தது. மழைக்கு முந்திவிட வேண்டுமென்று மரத்துக்கு மரம் ஓடிப் பால் வடிந்த மங்குகளை வழித்திருந்தாள். தோளில், வாளி தொங்கும் காண்டாக் கம்பு பதிந்த இடம் எரிந்தது.

"வெள்ளையம்மா, இங்க வா" என்றார் கிராணி சதாசிவம். இருபது வருஷமாக அந்த ஆபீஸில் பேரெழுதிப் பேரழித்துக் கண்ணாடியும் தொப்பையும் சம்பாதித்தவர். உறையை இரண்டு விரலால் பிடித்திருந்தார், சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி. "உன் மகன் என்ன பண்ணித் தொலச்சான்?"

"எம்மகனா? அவன் பள்ளிக்கூடம் போயிருக்கான் ஐயா."

"பேரு மிஸ்டர் மனோகரன்னு போட்டிருக்கு. எனக்கே யாரும் மிஸ்டர் போட்டு எழுதினதில்ல. போலீஸா, கோர்ட்டா, எதுன்னு தெரியல."

பின்னால் வரிசையில் நின்றிருந்த கருப்பாயி, "அலமாக்! பையனுக்குத் துரைவீட்டுல பொண்ணு பாத்திருக்காங்க போல" என்றாள். வரிசை சிரித்தது. வெள்ளையம்மா சிரிக்கவில்லை. உறையை வாங்கிச் சேலை மடிப்பில் செருகினாள். அன்று பகல் முழுக்க அது இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது.

*

ஜொகூர் பாருவிலிருந்து சாயங்கால ரயிலில் வந்து, மிச்ச தூரத்தைச் செம்மண் ரோட்டில் நடந்து, மனோகரன் வீட்டுக்குள் நுழையும்போது விளக்கேற்றும் நேரம். சீனியர் கேம்பிரிட்ஜ் வகுப்பு. டிசம்பரில் பரீட்சை. அந்தத் தோட்டத்து லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படித்தவன் அவன் ஒருவன்தான்.

அப்பா அய்யாவு புகை வீட்டில் வேலை பார்ப்பவர். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே ரப்பர் விறகு போட்டு, அனல் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர்மேல் அந்த வாடை போகாது. கல்யாண வீட்டு விருந்திலும் அவரை வாடையை வைத்தே தேடிப் பிடிப்பார்கள்.

மனோகரன் உறையைக் கிழித்தான். படித்தான். முகம் மலர்ந்தது.

"என்னய்யா போட்டிருக்கு?" என்றார் அய்யாவு.

"சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்கப்பா."

"யாரு?"

"பட்டாளத்துல."

வெள்ளையம்மா கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது.

அவன் மறைக்கவில்லை. ஐரோப்பாவில் சண்டை மூண்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் கடைசி வகுப்புப் பையன்களைக் கூப்பிட்டு, படையில் சேர விருப்பமுள்ளவர்கள் என்னென்ன வழி இருக்கிறதென்று விசாரித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். மனோகரன் மூன்று இடத்துக்கு எழுதினான். மலாய்ப் படையிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது, பள்ளிக்கூட முகவரிக்கே: மலாய்க்காரர்களை மட்டுந்தான் சேர்க்கிறோம். பெங்களூரில் தமிழ் ஆட்களைச் சேர்க்கிற, ரோடும் பாலமும் போடுகிற சாப்பர் பட்டாளம் ஒன்றிருந்தது. அவர்கள், நேரில் வா, வரும்போது உங்கள் கிராம முன்சீப்பிடம் அத்தாட்சி வாங்கி வா என்றார்கள்.

"எந்த முன்சீப்பு? நான் அந்த ஊரையே பாத்ததில்ல" என்று சிரித்தான் மனோகரன். "மூணாவது இது. ஜொகூர் பாருவிலேயே தொண்டர் படை. அதுல வைத்தியப் பிரிவு புதுசா ஆரம்பிக்கிறாங்க. எல்லாச் சாதி சனமும் சேரலாம். சனி ஞாயிறு பயிற்சி. பரீட்சை முடிஞ்சதும் முழு நேரம் எடுத்துக்குவாங்க. அடிபட்டவன எப்படித் தூக்கறது, ரத்தத்த எப்படி நிறுத்தறது, எல்லாம் சொல்லித் தருவாங்க."

"துப்பாக்கி?" என்றார் அய்யாவு, கொஞ்சம் ஆசையாகவே.

"ஸ்ட்ரெச்சர்ப்பா."

"அதென்னது?"

"ஆளப் படுக்க வச்சுத் தூக்குற கட்டில்."

"பாடையா?" என்றாள் வெள்ளையம்மா. அன்று மாலை அவள் பேசிய முதல் வார்த்தை அது.

சோறு போட்டாள். சம்பல் வைத்தாள். கருவாடு வைத்தாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அவன் பாதி சாப்பிட்ட பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"உன் மாமன் முத்தன் கதைய நான் சொன்னதில்ல."

"சண்டையில செத்துட்டாருன்னு சொல்லியிருக்க."

"செத்தான்னு யாரு கண்டா? போன சண்டை நடந்தப்ப எங்க ஊருக்கு ஒரு மேஸ்திரி வந்தாரு, பஸ்ராவுக்கு ஆள் சேக்க. ரோடு போடுற வேலை, மூட்டை தூக்குற வேலை, சண்டையெல்லாம் இல்லன்னாரு. பேர் குடுத்தவன் ஒருத்தன், சடையன்னு பேரு, ரயிலேறுற அன்னிக்கு ஓடிட்டான். தலை எண்ணிக்கை கொறையக் கூடாதுன்னு மேஸ்திரி உன் மாமன அந்தச் சடையன் பேருலயே ஏத்திவிட்டாரு. பேருல என்ன இருக்கு, போய்ட்டு வந்து மாத்திக்கலாம்னாரு. ரெண்டு வருசம் கழிச்சு ஊருக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. சடையன் பெண்டாட்டிக்கு. உம் புருசன் செத்துட்டான்னு. அவன் அவ பக்கத்துல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டிருந்தான்."

அய்யாவு தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அந்தக் கதை தெரியும்.

"எங்கம்மா அழல. எங்க பேருக்கு எதுவும் வரலையே, எம்மவன் எங்கயோ இருக்கான்னா. சாகுறவரைக்கும் அப்படியே சொன்னா. நீ பட்டாளம் போக வேணாம், தம்பி. அவ்வளவுதான்."

"நான் பஸ்ரா போகலம்மா. ஜொகூர் பாரு போறேன்."

"சண்டைக்குக் கூலாய், ஜொகூர் பாருன்னெல்லாம் தெரியுமா?"

மனோகரன் கைகழுவிவிட்டு வந்தான். மெதுவாகத்தான் சொன்னான். "பரீட்சை எழுதிட்டு நான் என்ன ஆகணும்? கிராணிக்குக் கீழ சின்னக் கிராணி. நீ பால் கொண்டாரப்ப நான் தராசுப் பக்கத்துல நின்னு 'அடுத்த ஆளு'ன்னு உன்னையே கூப்புடணும். இது வேற மாதிரி வேலம்மா. கத்துக்கிட்டா அப்புறம் ஆஸ்பத்திரியிலயும் எடுத்துக்குவாங்க. நானே எழுதிக் கேட்டு வந்தது இது, எனக்குப் புடிச்சிருக்கு."

 மறுநாள் விடிவதற்குள் வேறொரு தொல்லை எழுந்து நின்றது. அது அம்மாவின் பயத்தைவிடப் பெரியது.

கடிதத்தின் கடைசி வரி: பதினெட்டு வயது நிரம்பியதற்கு அத்தாட்சி கொண்டு வரவும். விண்ணப்பத்தில் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும்.

*

மனோகரனுக்கு மூன்று வயதுக் கணக்குகள் இருந்தன. அது அவன் குற்றமில்லை. அந்தக் காலத்துத் தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான்.

பன்னிரண்டு வயதில் பள்ளி விடுமுறைக்குப் புல் வெட்டப் பேர் கொடுத்தபோது, சின்னப் பையன் வேண்டாம் என்று கங்காணி சொல்லிவிடக் கூடாதே என்று பதினாலு என்றார் அய்யாவு. ஆகவே தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் இப்போது இருபது. அதற்கும் முன்னால், ஒன்பது வயதில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டபோது, முதல் வகுப்புக்கு வயது கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று ஏழு என்று எழுதிக்கொடுத்தார்கள். ஆகவே பள்ளிக்கூடத்தில் பதினாறு. உண்மை வயது ஒன்று நடுவில் இருந்தது. அதற்குக் காகிதம் கிடையாது. லயத்தில் பிறந்த பிள்ளை. பதிவு செய்ய வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

வியாழன் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் அய்யாவு கிராணியின் மேசை முன் நின்றார்.

"பதினெட்டுதான கேக்குறாங்க ஐயா? நம்ம செக்ரோல்ல இருபது இருக்கு. ரெண்டு கூடவே குடுத்துருவோம்லா."

சதாசிவத்துக்கு முகம் வெளுத்தது. "யோவ் அய்யாவு, வாய மூடு. பள்ளிக்கூடத்துக்கு ஏழுன்னு எழுதிக் குடுத்தது யாரு?"

"நீங்கதான் ஐயா. நல்ல கையெழுத்துன்னு எல்லாரும் சொன்னாங்க."

"இப்ப இருபதுன்னும் நானே எழுதிக் குடுக்கணுமா? ரெண்டு காகிதமும் தலைமையாசிரியர் மேசையில ஒண்ணா விழுந்தா என் கதி என்ன? உன் மகனப் பரீட்சைக்கே விடமாட்டாங்க. நான் ஒண்ணும் எழுதல. நீயும் ஒண்ணும் கேக்கல. போ."

அய்யாவு போனார். ஆனால் மனோகரன் அதற்குள் ரயிலேறிவிட்டான். விண்ணப்பத்தில் வயது என்ற இடத்தில் பதினெட்டு என்று உண்மையை எழுதித் தலைமையாசிரியரிடம் நீட்டினான். அவர் பதிவேட்டைத் திறந்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு வந்தவன் பையைக்கூட இறக்கவில்லை.

"நாளைக்கு உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரும்மா. தொண்டர் படைத் துரையும் இருப்பாரு. என் வயச உன்கிட்டத்தான் கேப்பாங்க. பெத்தவளுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்னாரு."

"நான் என்ன சொல்லணும்?"

"அத நான் சொல்ல மாட்டேன். பதினாறுன்னு சொன்னா எனக்குப் பட்டாளம் இல்ல. பள்ளிக்கூடத்துல ஒரு கேள்வியும் வராது, நாந்தான் தப்பா எழுதிட்டேன்னு போயிரும். பதினெட்டுன்னு சொன்னா பட்டாளம் கெடைக்கலாம். அன்னிக்குப் பொய் எழுதினதுக்குப் பரீட்சை போனாலும் போகலாம். ரெண்டும் உன் வாயிலதான் இருக்கு."

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டான். அய்யாவு மனைவியைப் பார்த்தார். "பதினாறுன்னு சொல்லிரு புள்ள. நீ கேட்டது தானா கெடைக்குது."

வெள்ளையம்மா அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள்.

*

சனிக்கிழமை மூவரும் முதல் ரயிலுக்குப் போனார்கள். ஸ்டேஷனில் ஒரு ஆச்சரியம். சதாசிவம் கோட்டுப் போட்டு, கக்கத்தில் பெரிய புத்தகம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு நாளாகத் தூங்காத கண்.

"நீங்க எங்க ஐயா?" என்றார் அய்யாவு.

"எங்கயும் இல்ல" என்று எரிந்துவிழுந்துவிட்டு அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்.

ஜொகூர் பாருவில் இறங்கியதும் மனோகரன் அவர்களைக் கபீர் காக்கா கடைக்குக் கூட்டிப்போனான். சாயங்கால ரயிலுக்குக் காத்திருக்கும்போது அவன் பாடம் படிக்கிற இடம் அது. கபீர் கீழக்கரைக்காரர். இங்கிலீஷ், மலாய், தமிழ் மூன்றும் ஒரே மூச்சில் பேசுவார்.

"வாங்கம்மா, பசியாறுங்க. முகத்தப் பாத்தா தூக்குமேடைக்குப் போற மாதிரி இருக்கு."

"பட்டாளத் துரையப் பாக்கப் போறோங்க" என்றார் அய்யாவு.

"அதுக்கா? அந்தத் துரை நேத்து இங்க உக்காந்து மீன் தலைக் கறி தின்னுட்டுக் கண்ணுல தண்ணி விட்டவரு. பயப்படாதீங்க. துபாசிக்கு என்னையத்தான் வரச் சொல்லியிருக்காங்க. பையனே அம்மாவுக்குப் பேசக் கூடாதாம்."

ரொட்டியும் பருப்பும் வந்தது. வெள்ளையம்மா தொடவில்லை. கோப்பியை மட்டும் குடித்தாள்.

பள்ளிக்கூடத் திடலை ஒட்டிய ஓர் அறையில் நீள மேசை. தலைமையாசிரியர், அவர் பக்கத்தில் வெயிலில் சிவந்த கழுத்தோடு தொண்டர் படைத் துரை. மனோகரன் சுவரோரம் நின்றான். அய்யாவு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சதாசிவம் கதவுக்கு வெளியே.

துரை என்னவோ சொன்னார். கபீர் திரும்பினார். "அம்மா, துரை கேக்குறாரு. இந்தப் பையன் எந்த வருசம் பொறந்தான்? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லன்னு சொல்றாரு."

 வெள்ளையம்மா மகனைப் பார்க்கவில்லை.

"வருசம் எனக்குத் தெரியாது. மரத்துல பால் வெட்ட வேணாம்னு நிறுத்துன வருசம். ரப்பர் வெல போச்சுன்னு, கத்தியெல்லாம் வாங்கி ஸ்டோர்ல போட்டுட்டாங்க. பால் மரமெல்லாம் சும்மா நின்னுச்சு. எங்க லயத்துல பதினோரு குடும்பத்த ஊருக்குத் திருப்பி அனுப்பினாங்க. அதுல நாங்களும் ஒரு குடும்பம். மூட்டை கட்டியாச்சு. லாரியில ஏறப் போறப்ப எனக்கு வலி எடுத்துருச்சு. பத்துக் குடும்பம் போச்சு. நாங்க லயத்துலயே நின்னுட்டோம். வெளக்கு வைக்கிறதுக்கு முன்னால இவன் பொறந்துட்டான்."

கபீர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு தொடர்ந்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு கொறச்சுச் சொன்னோம். தப்புதான். சேக்க மாட்டாங்கன்னு பயம். அதுக்குத் தண்டனைன்னா எங்களுக்குக் குடுங்க, அவனுக்கு வேணாம். அவனுக்கு அப்ப ஒம்பது வயசு, அவன எதுவும் கேக்காமத்தான் எழுதினோம்."

தலைமையாசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். துரை மேசையில் விரலால் தட்டினார். "கதை நன்றாக இருக்கிறது. அத்தாட்சி?" என்றார். கபீர் மொழிபெயர்க்குமுன் கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"இருக்கு, சார்."

சதாசிவம் உள்ளே வந்து துணியைப் பிரித்தார். பழைய புத்தகம், அட்டை பூச்சி அரித்தது. திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களின் பட்டியல். பதினோராவது வரியில் அய்யாவு, மனைவி வெள்ளையம்மா. பேரின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் பொடியெழுத்தில்: பிரசவம், நிறுத்தப்பட்டது. தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று, செப்டம்பர் ஏழு.

"அந்தக் கோடு நான் போட்டது. பள்ளிக்கூடத்துக்கு வயசு கொறச்சு எழுதினதும் நான்தான், சார். இவங்களுக்கு எழுதத் தெரியாது."  சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தலைமையாசிரியர் பக்கம் நகர்த்தினார்.

தலைமையாசிரியர் தேதியை இரண்டு தரம் படித்தார். அப்புறம், இந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட ஏழு வயதுக்காரர்களை ஒன்பது வருஷத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன், சிலருக்கு மீசைகூட இருந்தது என்றார். திங்கட்கிழமை மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சரியான தேதிக்குப் புதிதாகச் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும், பதிவேட்டைத் திருத்திவிடலாம், பரீட்சைக்குப் பேர் போய்விட்டது, அது நிற்கும். மனோகரன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

தலைமையாசிரியர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைத் துரை இழுத்துத் தானும் கையெழுத்துப் போடப்போனார்.

"நில்லுங்க" என்றாள் வெள்ளையம்மா.

கபீருக்கே தூக்கிவாரிப்போட்டது. "என்னம்மா?"

"அந்தக் காகிதத்துல, இவனுக்கு ஏதாச்சும் ஆனா யாருக்குச் சொல்லணும்னு எழுதியிருக்கா?"

துரை ஒரு வரியைக் காட்டினார். அது காலியாக இருந்தது.

"எம்பேரப் போடுங்க. வெள்ளையம்மா. தோட்டத்துப் பேரு, லயத்து நம்பர், எல்லாம் போடுங்க. எழுதினதப் படிச்சுக் காட்டுங்க." கபீர் எழுதினார். படித்தார். "இன்னொரு தடவ" என்றாள். படித்தார். பிறகுதான் கட்டைவிரலை மையில் வைத்தாள். மெதுவாக உருட்டி, ரேகை ஒன்றும் கலையாமல் பதித்தாள். "சொந்தப் பேருல, சொந்த வயசுல போறான். போகட்டும்."

மனோகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ பேசாத. டிசம்பர் பரீட்சைக்குப் பாடத்தப் படி" என்றாள்.

*

வெளியே திடலில் பயிற்சி தொடங்கியிருந்தது. நாலு பேர் ஒரு ஸ்ட்ரெச்சருக்கு. ஒரு மலாய்ப் பையன், ஒரு சீனப் பையன், தந்தி ஆபீஸ் பையன் கனகராஜ். நாலாவது ஆளாக மனோகரனைச் சட்டையோடு இழுத்துக்கொண்டார்கள். படுப்பதற்கு ஆளில்லை. மூட்டையை வைத்துத் தூக்கினால் பழகாது, உயிருள்ள ஆள் வேண்டும் என்றார் துரை.

கபீர் நாலு பக்கமும் பார்த்தார். "பெரியவரே, நீங்க சும்மாதான நிக்கிறீங்க?"

"நானா?" என்றார் அய்யாவு. "என்மேல புகை வாடை அடிக்கும்லா."

"அடிபட்டவன்மேல அத்தரா அடிக்கும்? படுங்க."

வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு, கூச்சத்தோடு, ஸ்ட்ரெச்சரின் கித்தான்மேல் மல்லாந்து படுத்தார். கால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மலாய்ப் பையன் சொன்ன எண்ணுக்கு நாலு பேரும் ஒன்றாகக் குனிந்து, ஒன்றாக நிமிர்ந்தார்கள். அய்யாவு தரையைவிட்டு எழும்பினார். நாற்பத்தெட்டு வயதில் அவரை யாரும் தூக்கியதில்லை. கம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கைய விடுங்கப்பா. நாங்க கீழ போட மாட்டோம்" என்றான் மனோகரன்.

நடந்தார்கள். முதல் பத்தடி ஆட்டம் கண்டது. கனகராஜின் கால் முந்திற்று, சீனப் பையனின் கால் பிந்திற்று. ஓரமாகக் கூடவே நடந்த வெள்ளையம்மாவால் பொறுக்க முடியவில்லை. இருபது வருஷம் தோளில் பால் சுமந்தவள், ஒரு சொட்டுச் சிந்தாமல்.

"மொழங்கால விட்டுக் குடுத்து நடங்கய்யா. வெறச்சுக்கிட்டு நடந்தா ஆடத்தான் செய்யும்" என்றாள். மலாயிலும் சொன்னாள், கையால் காட்டினாள். சீனப் பையன் அவள் காலைப் பார்த்தான். அதே மாதிரி வைத்தான். பிறகு மற்ற மூவரும் வைத்தார்கள். ஆட்டம் நின்றது.

துரை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லவில்லை.

"என்னங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டாள் வெள்ளையம்மா.

வானத்தைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்த அய்யாவு கையை விட்டுவிட்டார். "புள்ள," என்றார், "இன்னொரு சுத்துப் போகச் சொல்லு."